விண்டேஜ் கிட்டார் பிக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்புகளைப் பழுதுபார்ப்பதும், பழைய மாதிரியில் புதிதாகச் சுற்றிக் கொடுப்பதும் என் வேலை. மேசைக்கு வரும் கிட்டார்கள் வேறு வேறாக இருக்கும், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. குழப்பம் வராமலிருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே ‘தந்தி’ என்றால் கிட்டாரில் வாசிப்பது, ‘கம்பி’ என்றால் பிக்கப்புக்குள் சுற்றியிருக்கும் செம்பு.

‘விண்டேஜ் பிக்கப்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு பொருளில் புழங்குகிறது. ஒன்று, 1950-களிலும் 60-களிலும் செய்த அசல். இன்னொன்று, அதே கம்பி, அதே வகைக் காந்தம், ஏறக்குறைய அதே சுற்று எண்ணிக்கை வைத்து இன்று செய்வது. விற்பனையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இரண்டுக்கும் பொதுவான குணம் அவுட்புட் குறைவு. ஆம்பை (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை) முட்டித் தள்ளுவதற்காகச் சுற்றைக் கூட்டி, பலமான செராமிக் காந்தம் வைத்த பிக்கப்புகள் 70-களில் பரவின. லேரி டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் அதில் முன்னோடி. அவை வந்த பிறகுதான் முந்தையவற்றுக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

பிக்கப் ஒரு மைக்கா?

இல்லை. காற்றில் வரும் ஒலி அதற்குப் பொருட்டே இல்லை. உள்ளே இருக்கும் காந்தம் மேலே ஓடும் எஃகுத் தந்தியையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது, சுற்றியிருக்கும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. நைலான் தந்தி போட்டால் ஒன்றும் கேட்காது.

இந்த வழியில் விற்பனைக்கு வந்த முதல் கிட்டார், 1932-ல் வந்த ‘ஃபிரையிங் பேன்’. உருவத்தைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் செய்தது. அதில் குதிரைலாட வடிவக் காந்தங்கள் தந்திகளுக்கு மேலே வளைந்து நிற்கும்.

சிங்கிள் காயில் எல்லாம் ஒரே மாதிரிதானே ஒலிக்கும்?

சிங்கிள் காயில் என்றால் ஒரே ஒரு காயில் (கம்பிச்சுருள்) கொண்ட பிக்கப். இதைக் கேட்பவரிடம் ஒரு ஃபெண்டர் டெலிகாஸ்டரையும் பி-90 போட்ட ஒரு கிட்டாரையும் கொடுத்தால் போதும், அடுத்த முறை கேட்க மாட்டார்.

கிப்சன் 1946-ல் கொண்டுவந்தது பி-90. அகலமான பாபின் (கம்பி சுற்றும் சட்டம்), அதில் 42 கேஜ் கம்பி சுமார் 10,000 சுற்று, அடியில் இரண்டு பட்டைக் காந்தம், தந்திக்கு ஒன்றாக ஆறு ஸ்க்ரூ. காந்தம் காயிலுக்கு உள்ளே இல்லை, அடியில் படுத்திருக்கிறது. நடுவே நிற்பது இரும்பு. அதனால் ஒலியில் நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கும், ஓரத்தில் ஒரு கரகரப்பு இருக்கும். ஆம்பைக் கொஞ்சம் கூட்டினாலே சண்டைக்கு நிற்கும். எனக்குப் பிடித்த பிக்கப் இதுதான், இங்கே நான் நடுநிலையோடு பேசவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லியோ ஃபெண்டர் வேறு வழியில் போனார். ஆறு உருளைக் காந்தங்களையே தூண்களாக நிறுத்தி அவற்றைச் சுற்றியே கம்பியை ஓட்டினார். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (உடலில் தந்திகள் முடியும் பக்கம் இருப்பது) அடியில் செம்பு பூசிய எஃகுத் தகடு ஒன்று உண்டு. அதுவும், பிக்கப் உட்கார்ந்திருக்கும் உலோக பிரிட்ஜும் சேர்ந்துதான் அந்த ‘ணங்’ என்ற வெட்டைத் தருகின்றன. தகட்டைக் கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள், ஒலி சட்டென்று ஒல்லியாகிவிடும். அதே கிட்டாரின் நெக் பிக்கப்போ (கழுத்துப் பக்கம் இருப்பது) இன்னும் மெல்லிய 43 கேஜ் கம்பியில் சின்ன பாபினில் சுற்றியது, மேலே உலோக மூடி. மென்மையாக, சிலர் காதுக்கு மழுங்கலாக இருக்கும்.

1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தகடும் இல்லை, உலோக மூடியும் இல்லை. அதனால் அதன் மூன்று பிக்கப்பிலும் தெளிவு அதிகம், கணீரென்று இருக்கும். அதன் காந்தத் தூண்கள் ஒரே உயரத்தில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் மூன்றாம் தந்தியும் சுருள் சுற்றிய தடித்த தந்தி, அதற்கேற்ப அங்கே தூணை உயர்த்தி வைத்தார்கள். இன்று எல்லாரும் போடுவது சுருளில்லாத மூன்றாம் தந்தி. பழைய உயர வரிசையை அப்படியே நகலெடுத்த பிக்கப்பில் அந்த ஒரு தந்தி மட்டும் தனியாகக் கத்தும். வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதில் இப்படியும் ஒரு தொல்லை.

காந்தத் தூணைத் தட்டி இறக்கிவிடலாமா?

வேண்டாம். ஆரம்ப நாட்களில் நானும் அதைத்தான் செய்தேன். மூன்றாம் தந்தியின் தூணில் மரக்கட்டையை வைத்து லேசாக ஒரு தட்டு. தூண் ஒரு மில்லிமீட்டர் இறங்கியது, பிக்கப் செத்தது. இந்த வகையில் காயிலின் உள்சுற்று தூணோடு ஒட்டியே இருக்கும். தூண் நகர்ந்தால் கம்பியையும் இழுத்து அறுத்துவிடும். 0.063 மில்லிமீட்டர் தடிமன், தலைமுடி அளவு. அன்றைக்கு முழுக் காயிலையும் பிரித்துச் சுற்ற வேண்டியதாயிற்று. சமமான உயரம் வேண்டுமானால் அப்படிச் செய்ததையே வாங்குங்கள்.

ஸ்ட்ராட்டில் இரண்டு பிக்கப் சேரும்போது வரும் ‘குவாக்’ யார் கண்டுபிடித்தது?

வாசித்தவர்கள். அசல் ஸ்ட்ராட்டில் இருந்தது மூன்று நிலை சுவிட்ச், ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் மட்டும். சுவிட்சை இரண்டு நிலைக்கு நடுவே சிக்க வைத்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து மூக்கால் பேசுவது போல் ஒரு ஒலி வருவதைக் கவனித்து, அப்படியே நிறுத்தி வாசித்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்ச் போட்டது 1977-ல்தான்.

பிஏஎஃப் என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பி-90-க்கு ஒரு குறை: அருகில் இருக்கும் மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், விளக்கு எல்லாவற்றின் ‘ம்ம்ம்’ இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். கிப்சனில் இருந்த சேத் லவர் அதைப் போக்க இரண்டு காயிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் சுற்றின் திசை எதிர், காந்த முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு காயிலிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அடித்துவிடும். தந்தியின் சிக்னல் இரண்டு முறை திரும்பி ஒரே பக்கம் சேர்ந்துவிடும். இரைச்சலை (ஹம்) எதிர்ப்பதால்தான் ஹம்பக்கர் என்ற பெயர்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1955, கிடைத்தது 1959. இடையில் பிக்கப்பின் அடித்தகட்டில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த வாசகத்தின் முதலெழுத்துகள்தான் பிஏஎஃப். காப்புரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதே ஸ்டிக்கர் ஓடியது. அப்புறம் எண் அச்சடித்து ஒட்டினார்கள். அந்த எண்ணைத் தேடிப்போனால் பிக்கப் வராது, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் ஒரு பிரிட்ஜ் அமைப்புக்கான காப்புரிமை வரும்! போட்டியாளர்களைக் குழப்பச் செய்த தந்திரம் என்பார்கள், வெறும் தவறு என்பாரும் உண்டு.

ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம், 1958 முதல் 1960 வரை வந்த கிப்சனின் லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டார்களில் இருந்தது இந்தப் பிக்கப் என்பதுதான். 60-களின் நடுவில் எரிக் கிளாப்டன் போன்றவர்கள் அந்தக் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் சொருகி முழுச் சத்தத்தில் வைத்தார்கள். பிறகு வந்த ராக் கிட்டார் ஒலியெல்லாம் அங்கிருந்து கிளைத்தது.

எல்லா பிஏஎஃப்பும் நன்றாக இருக்குமா?

இருக்காது. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பதுதான் அதன் லட்சணம். சுற்று எண்ணிக்கை கறாராக இல்லை, பாபின் நிரம்பியதாகத் தெரிந்தால் நிறுத்துவார்கள். ஒரு காயிலில் 5,000 என்றால் பக்கத்துக் காயிலில் சில நூறு கூடவோ குறையவோ இருக்கும். காந்தமும் அன்று கையில் கிடைத்தது: அல்நிகோ என்ற உலோகக் கலவையின் 2, 3, 4, 5 எந்த வகையாகவும் இருக்கலாம். அளந்தால் 7-லிருந்து 9 கிலோ ஓம் வரை பரவிக் கிடக்கும்.

சுவாரசியம் என்னவென்றால் இந்தக் கோளாறில்தான் சுவை. இரண்டு காயிலும் அச்சாகச் சமமாக இருந்தால் சில மேல் சுரங்கள் அடிபட்டு ஒலி வழவழப்பாகிவிடும். கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் இரைச்சல் மிகச் சிறிதளவு எட்டிப்பார்க்கும், ஆனால் ஒலியில் ஒரு கீற்று வெளிச்சம் வரும். நான் பிஏஎஃப் மாதிரி சுற்றும்போது ஸ்க்ரூ பக்கத்துக் காயிலில் வேண்டுமென்றே 200 சுற்று கூட்டுவேன்.

8 கிலோ ஓம் பிக்கப் 6 கிலோ ஓமை விடப் பலமானதுதானே?

விற்பனை அட்டையில் முதலில் இருக்கும் எண் இது, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மல்டிமீட்டரில் தெரியும் ஓம், கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டும் சொல்கிறது. மெல்லிய கம்பி போட்டால் சுற்றைக் கூட்டாமலே ஓம் ஏறிவிடும். மேலே சொன்ன டெலிகாஸ்டர் நெக் பிக்கப் சுமார் 7.5 கிலோ ஓம், ஸ்ட்ராட் பிக்கப் சுமார் 6. எது பலமாகக் கேட்கிறது? பெரும்பாலும் ஸ்ட்ராட்.

இன்னொன்று. செம்பின் தடை வெப்பத்தோடு ஏறும், ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். காலைக் குளிரில் 6.0 காட்டிய அதே பிக்கப், 10 டிகிரி சூடான மத்தியானத்தில் 6.24 காட்டும். ‘என் பிக்கப் 6.2, அவருடையது 6.0’ என்று சண்டை போடுபவர்கள் பிக்கப்பை அளக்கவில்லை, வெயிலை அளக்கிறார்கள்.

ஒலியைத் தீர்மானிப்பது ஒத்ததிர்வு உச்சம். காயிலின் தூண்டலும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்), காயில் மற்றும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) சேர்ந்து ஏதோ ஒரு அதிர்வெண்ணில் ஒரு மேடு எழுப்பும். மேட்டுக்கு அப்பால் ஒலி சரிந்துவிடும். ஸ்ட்ராட் காயிலின் தூண்டல் 2.3 ஹென்றி அளவில் இருக்கும். 5 மீட்டர் கேபிளோடு கணக்குப் போட்டால் மேடு 4,300 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். பிஏஎஃப்புக்கு 4 ஹென்றிக்கு மேல், மேடு 3,200 பக்கம் இறங்கிவிடும். ஒன்று கணீர், இன்னொன்று தடிமன் என்று காது சொல்வது இந்த ஆயிரம் ஹெர்ட்ஸ் இடைவெளியைத்தான். சுற்றைக் கூட்டினால் பலமும் ஏறும், கூடவே இந்த மேடும் கீழே இறங்கும். பழைய ஒலியில் ‘காற்றோட்டம்’ இருக்கிறது என்று சொல்வதற்குப் பின்னால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, சுற்று குறைவு.

அல்நிகோ எண்களில் எது நல்லது?

அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் சுருக்கம். (அல்நிகோ 3-ல் கோபால்ட்டே கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) 5 பலமானது, விரல் பட்டதும் ஒலி எழும்பும், கீழ் சுரங்கள் இறுக்கமாக இருக்கும். 2-ம் 3-ம் மெத்தென்றிருக்கும், தந்தியைக் குறைவாக இழுக்கும். நல்லது கெட்டது இல்லை. பிரிட்ஜுக்கு 5, நெக்குக்கு 2 என்று வைப்பவர்கள் அதிகம், கேட்கவும் நன்றாகவே இருக்கும்.

காலப்போக்கில் காந்தம் பலம் இழந்துதான் பழைய ஒலி வருகிறதா?

சும்மா இருந்தால் அல்நிகோ பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக இழக்காது. வேறொரு பலமான காந்தம் பக்கத்தில் வந்தால் இழக்கும். ‘வயதாக்கிய’ காந்தம் என்று விற்பது, வேண்டுமென்றே கொஞ்சம் காந்தம் இறக்கியது.

கையால் சுற்றியதற்கும் மெஷினுக்கும் வித்தியாசம் கேட்குமா?

கொஞ்சம். முழுக்கக் கையால் யாரும் சுற்றுவதில்லை. மோட்டார் பாபினைச் சுழற்றும், கம்பியை இடமும் வலமும் நடத்துவது மட்டும் விரல். ஒரு ஸ்ட்ராட் காயிலுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி விரலிடுக்கில் ஓடும். இழுவை கொஞ்சம் கூடினால் அறுந்துவிடும், தளர்ந்தால் காயில் பஞ்சாகிவிடும். விரல் நடத்தும்போது சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காகப் படியாமல் குறுக்கும் நெடுக்குமாக விழும், அதனால் காயிலின் சொந்தக் கெபாசிட்டன்ஸ் சற்றுக் குறையும், மேல் சுரங்கள் சற்றுத் திறக்கும். ஆனால் ‘கையால் சுற்றியது’ என்பது ஒரு தர முத்திரை அல்ல. மோசமான கையும் கைதான்.

மெழுகில் முக்குவது எதற்கு?

காயிலில் தளர்ந்த சுற்று இருந்தால் அதுவே அதிர்ந்து மைக் போல வேலை செய்யும். சத்தத்தைக் கூட்டினால் ‘கீஈஈச்’ என்று அலறும். உருக்கிய மெழுகு இடைவெளிகளில் புகுந்து இறுக்கிவிடும். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே தன் கிட்டாரில் போட்ட பர்ன்ஸ் டிரை-சோனிக் பிக்கப்புகள் இப்படி அலறியதால் எபாக்ஸி ஊற்றியே அடைத்தார்.

அசல் பிஏஎஃப்பில் மெழுகு கிடையாது. அதனால் தொட்டாலே உயிரோடு இருப்பது போல ஒரு உணர்வு கிடைக்கும், சத்தம் கூட்டினால் அலறலும் கிடைக்கும். மேடையில் ஆம்பை முறுக்குபவரென்றால் மெழுகு போட்டது வாங்குங்கள். வீட்டில் முக்கப் பார்ப்பவர்கள் மெழுகை நேரடி நெருப்பில் வைக்க வேண்டாம், வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில் 65 டிகிரி அளவில் போதும். சூடு மிஞ்சினால் பாபின் வளைந்துவிடும், வளைந்த பாபின் திரும்பாது.

பிக்கப்பை மாற்றியும் ஒலி மாறவில்லையே?

பாட் (வால்யூம், டோன் திருகுகளின் உள்ளே இருக்கும் மாறும் மின்தடை), கேபிள் இரண்டையும் பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கருக்கு 250 போட்டால் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். கேபிளும் சும்மா இல்லை: மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தால், 5 மீட்டரை 3 மீட்டராகக் குறைத்ததும் மேலே சொன்ன ஸ்ட்ராட்டின் மேடு 4,300-லிருந்து 5,200-க்குத் தாவிவிடும். புது பிக்கப்பை விடச் சின்ன கேபிள் மலிவு.

வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்குகிறது என்பவர்களுக்கு: டோன் கெபாசிட்டரை வால்யூம் பாட்டின் உள்வரும் காலிலிருந்து எடுத்து, நடுக்காலில் சோல்டர் செய்யுங்கள். 50-களில் கிப்சன் செய்தது அதுதான்.

ஸ்ட்ராட்டில் தடித்த தந்தியை மேலே வாசித்தால் சுருதி அலைகிறது. ஏன்?

பிக்கப் ரொம்ப உயரத்தில் இருக்கிறது. காந்தத் தூண்கள் தந்தியைக் கீழே இழுத்து, ஒரு சுரத்துக்குள் இரண்டு சுரம் முட்டிக்கொள்வது போல ‘வவ்வவ்’ என்று அலையும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, நெக் பிக்கப்பின் தடித்த தந்திப் பக்கத்தை அலைச்சல் நிற்கும்வரை ஸ்க்ரூடிரைவரால் இறக்குங்கள். என்னிடம் ‘பிக்கப் சரியில்லை, மாற்றித் தாருங்கள்’ என்று வந்தவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு திருகலில் திரும்பிப் போயிருக்கிறார்கள். என் தொழிலுக்கு நல்லதல்ல, இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

சிங்கிள் காயில், ஹம்பக்கர் தவிர வேறு பழைய ஒலிகள் உண்டா?

நிறைய. கிரெட்ச் கிட்டார்களின் ஃபில்டர்’ட்ரான், கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸுக்காக ரே பட்ஸ் உருவாக்கியது. சேத் லவரும் அவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தனித்தனியாக ஹம்பக்கரை எட்டினார்கள். ஃபில்டர்’ட்ரானில் சுற்று மிகக் குறைவு, 4 கிலோ ஓம்தான், அதனால் ஹம்பக்கராக இருந்தும் பளிச்சென்றிருக்கும்.

டேன்எலெக்ட்ரோவின் லிப்ஸ்டிக் பிக்கப் உண்மையிலேயே லிப்ஸ்டிக் குழாயில் அடைத்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அவை தொடராக இணைவதால் சத்தம் குதித்து ஏறும். 1958-ன் ஜாஸ்மாஸ்டர் பிக்கப்பைப் பார்த்துப் பலர் பி-90 என்று நினைப்பார்கள். வெளித்தோற்றம் மட்டும்தான் ஒன்று. உள்ளே ஃபெண்டரின் காந்தத் தூண்கள், தட்டையான அகலக் காயில். ஒலி இதமானது, பி-90-ன் முரட்டுத்தனம் இல்லை.

அசல் பழைய பிக்கப் செத்துவிட்டது. சுற்றலாமா?

உடனே பிரிக்க வேண்டாம். மல்டிமீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் அறுந்திருப்பது வெளிச்சுற்றின் முனை, வெளி ஒயர் சேரும் உலோகக் கண்ணிக்கு ஏறும் இடத்தில். பூதக்கண்ணாடியில் பச்சையாக ஒரு புள்ளி தெரியும், செம்பு அரித்த இடம். ஊசி முனையால் ஒரு சுற்றை விடுவித்து, எனாமலைச் சுரண்டி, புது முனையாகச் சோல்டர் வைத்தால் பிழைத்துவிடும். ஒரு சுற்றுப் போனது காதுக்குத் தெரியாது. உள்முனை அறுந்திருந்தால்தான் முழுதாகச் சுற்ற வேண்டும், அதில் அசலின் மதிப்பு பெரிதும் இறங்கிவிடும்.

அசலைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதைப் போடலாமா?

தாராளமாக. ஒயரை வெட்டாமல் சோல்டரை உருக்கி எடுங்கள். ஸ்க்ரூ, ஸ்பிரிங், உலோக மூடி, பழைய பாட் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். டப்பாவை ஆம்பின் மேலோ ஸ்பீக்கர் பக்கத்திலோ மட்டும் வைக்காதீர்கள், ஸ்பீக்கரின் காந்தம் பிக்கப்பின் காந்தத்தை இறக்கிவிடலாம்.